வடக்கு கோல் கம்பத்தருகே

ராஜபாளையத்தில் நாங்கள் ஸ்டேடியம் என்று சொல்லிவந்த இடத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மேற்கே மட்டும் ஏழெட்டுப் படிகள் கொண்ட கல் கேலரி. மற்ற மூன்று பக்கமும் காரை பெயர்ந்த காம்பவுண்டுச் சுவர். நடுவில் புல் பாதி, மண் பாதி. ஆனால் என் அப்பா ஆலை அணிக்கு ஆடிய காலத்தில் அங்கே டிக்கெட் போட்டு ஃபுட்பால் நடந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்தவர்கள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே வந்து கேலரியில் உட்கார்வார்களாம். தேவதானம் பக்கத்திலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வருவார்களாம்.

ஆலை அணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தபின், மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கமிட்டி அதை வாடகைக்கு விடத் தொடங்கியது. கட்சிக் கூட்டம், ஜவுளித் தள்ளுபடி விற்பனை, பொருட்காட்சி. எதுவும் நடக்காத மாதங்களில் மட்டும் ஆட்டம். அப்படிக் கிடைத்த மாதங்களில்தான், காலேஜில் படித்த நாங்கள் பதினான்கு பெண்கள் பந்தோடு உள்ளே போனோம்.

எங்கள் கோல் கீப்பர் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய அத்தா பெரிய கடைவீதியில் பழக்கடை வைத்திருந்தார். முழுக்கை ஜெர்சி போட்டு, தலைத்துணியைப் பிடரியில் இறுக முடிந்துகொண்டு அவள் கோலில் நின்றால் கம்பத்திலிருந்து கம்பம் வரைக்கும் கைதான் தெரியும். சொந்தக்காரர்கள் கடைக்கே வந்து குறை சொன்னபோது அவர், “பந்தத்தானய்யா பிடிக்கா, வேற என்னத்தப் பிடிச்சா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கொரோனா ஊரடங்கில் காய்கறி மார்க்கெட்டை மைதானத்துக்கு மாற்றினார்கள். லாரிகள் இறங்கி ஏறி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. மார்க்கெட் திரும்பிப் போன பிறகு அழுகிய தக்காளியும் சாக்குக் கிழிசலுமாகக் கிடந்ததை நாங்களே அள்ளினோம். பள்ளத்தில் மண் கொட்டி மிதித்தோம். புல் கொஞ்சம் பச்சை காட்டிய நேரத்தில் பொருட்காட்சிக்காரர்கள் வந்து ராட்டினம் போட்டார்கள். அவர்கள் கிளம்பியபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த மாவட்ட அணித் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கமிட்டிச் செயலாளரிடம் கெஞ்சி, சாயங்காலம் இரண்டு மணி நேரம் வாங்கினோம்.

முதல் நாள் நான்தான் முதலில் போனேன். வடக்கு கோல் கம்பத்துக்கு ஐந்தாறு அடி தள்ளி ராட்டினத்தை நிறுத்திய கான்கிரீட் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது. கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. செயலாளரிடம் சொன்னால், “அதையெல்லாம் எடுத்த பொறவு வாங்கம்மா” என்பார். எடுக்க ஒரு மாதம் ஆகும். தேர்வு போய்விடும். காலால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே மிதித்துவிட்டேன். மற்றவர்கள் வந்ததும், “தெக்கு கோல்லயே ஆடுவோம், இங்கன தரை சரியில்ல” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம் பெய்த மழையில் தெற்குப் பக்கம் தண்ணீர் கட்டிக்கொண்டது. எல்லோரும் வடக்கே நடந்தார்கள். நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. போல்ட் கம்பத்துக்கு வெளியேதானே இருக்கிறது, பந்து அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்தேன்.

நான் அடித்த பந்து அது. இடது கம்பத்தை ஒட்டித் தாழ்வாகப் போனது. அவள் முழு நீளத்துக்குப் பாய்ந்து, பந்தை நெஞ்சுக்குள் வாங்கி, உருண்டு, வெளியே போய், நான் மண் மூடிய இடத்தில் வலது கையை ஊன்றி எழுந்தாள்.

“பிடிச்சிட்டம்ல ஏட்டி!” என்று கத்தினாள். அதன் பிறகுதான் கையைப் பார்த்தாள்.

தலைத்துணியை அவிழ்த்துக் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள், பிறகும் ஒருமுறை தைத்தார்கள். வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

பதினான்கு பேரில் யாரும் தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் மைதானத்து கேட்டில் பூட்டும் ஒரு போர்டும் தொங்கின. விபத்து நடந்ததால் உள்ளே விளையாட அனுமதி இல்லையாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு செயலாளரைப் பார்க்கப் போனேன்.

“அந்தக் கான்கிரீட்டப் பேத்து எடுத்தாப் போதும் அண்ணாச்சி. பிள்ளைக ஆடிக்கிடும்” என்றார் அப்பா.

“இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டா யாரு பதில் சொல்லுவா? ஃபுட்பால் இனிமே வேண்டாம். ஒங்க காலம் வேற.”

அப்பா எழுந்தார். வெளியே வந்து செருப்பு மாட்டியவர், “நம்ம பிள்ள விழுந்ததையே நம்மள வெளிய தள்ளக் காரணமாச் சொல்லிட்டாம்ல” என்றார். பிறகு அந்த மைதானத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் இப்போது அங்கேதான் நிற்கின்றன. அதற்கு மட்டும் பூட்டைத் திறக்கிறார்கள்.

நாங்கள் ஒன்பது பேர் கொஞ்ச நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய், ஒரு பள்ளிக்கூடத் திடலில் ஆடினோம். திரும்பி வர இருட்டிவிடுகிறது என்று இரண்டு வீட்டில் நிறுத்தினார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். ஆறு பேரானபோது யாரும் யாரிடமும் சொல்லாமல் நின்றுபோனோம்.

என் தோழியையும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கட்டிக்கொடுத்தார்கள். படித்து முடித்து அதே ஊர் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அவ்வப்போது கடைக்கு வருவாள். இடது கையால் துணியைத் தடவிப் பார்ப்பாள். அந்த வலது கையை முந்தானைக்குள் வைத்திருப்பாள். அவள் சிரித்துப் பேசிவிட்டுப் போன ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் ஒரு லீவு நாளில், மதியம், அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். போல்ட்டைப் பார்த்தது, மண்ணைத் தள்ளி மூடியது, எல்லாவற்றையும். அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“ஏன் இப்ப வந்து சொல்லுதே?” என்று கேட்டாள்.

“மனசு தாங்கல.”

“ஒனக்குத் தாங்கல. சரி.” கத்தியைக் கீழே வைத்தாள். “அல்லா நாடுனது அம்புட்டுத்தான்னு நெனச்சு நான் எப்பிடியோ தேத்திக்கிட்டு இருந்தேன். அவன்ட்ட கோவிச்சுக்க முடியாதுல்ல. இப்ப நான் யாரக் கோவிச்சுக்கிட?”

“என்னைய.”

“ஒன்னைய விட்டா எனக்கு வேற யாரு இருந்தா அங்கன?”

அழுதது நான்தான், அவள் அழவில்லை. பிறகு அவளே எழுந்து போய், தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகு அவள் எங்கள் கடைக்கு வந்ததில்லை. மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. இந்தப் பெருநாளைக்கு அவளுடைய நாத்தனார் துணி எடுக்க வந்திருந்தாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“மதினியா? நல்லாத்தான் இருக்காவ” என்றாள். “இந்தக் கடை வேண்டாம், வேற கடையில எடுன்னு சொன்னாவ. எனக்குத்தான் இங்க கலர் பிடிச்சிருந்துச்சு.”

நான் துணியை அளந்து வெட்டி, மடித்துக் கொடுத்தேன்.