கழற்ற மறுத்த கால்

என் தம்பி ஸஹாப்தீனுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இருபது வயதில் வாப்பாவிடம் சொல்லாமல் எங்கள் ஊர் உக்குவளையிலிருந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். மன்னார்ப் பக்கம் கண்ணிவெடி அந்தக் காலைக் கொண்டுபோனது. பிறகு கல்யாணம் செய்தான், வீடு கட்டினான், பொய்க்காலோடு சைக்கிளும் ஓட்டினான். வெளி ஆட்கள் யார் முன்னாலும் அதைக் கழற்ற மாட்டான்.

போன வருடம் மிளகு, கராம்பு வாங்கும் களஞ்சியம் ஒன்றில் காவலுக்கு நிற்கும் வாச்சர் வேலைக்குப் போனான். நின்று நின்று, வெட்டிய இடத்தில் புண் வந்து வேலையை விட்டான். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், உண்டு. நான் நோயாளர் பராமரிப்புப் பயின்றவள். தினமும் கழுவிக் கட்டுகிறேன். மறுபடி வேலைக்குப் போய் நின்றால் முழங்காலும் போகும். அவனை வீட்டில் உட்கார வைத்திருப்பது ஊனமுற்ற படைவீரருக்கான அரசாங்கக் கொடுப்பனவு மட்டும்தான்.

அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பார்க்க மருத்துவக் குழு மாத்தளைக்கு அழைத்தது. நான் அவனுடைய ஊன்றுகோலைத் தேடி வாசலில் வைத்தேன். அவனோ சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளையாவா போற? பொய்க்கால வீட்டுல வச்சிட்டு, ஊண்டுற பொல்ல எடு."

"பிச்சைக்காரன் மாதிரியா ராத்தா? எங்க யூனிட் ஆளுங்க வருவாங்க."

அங்கே கதவிலிருந்து விறைப்பாக நடந்துபோய் சல்யூட் அடித்தான். டொக்டர் சிரித்துக்கொண்டே, எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"எங்க வேணும்னாலும் போவேன் சேர்."

டொக்டர் எழுதத் தொடங்கினார். நன்றாக நடக்கிறார் என்று எழுதினால் கொடுப்பனவு நின்றுவிடும்.

"சேர், காலைக் கழட்டிப் பாருங்க," என்றேன்.

"ராத்தா, சும்மா இருங்க!"

"ஒன் மானம் முழங்காலுக்குக் கீழயா இருக்கு? கழட்டுடா."

அவன் அசையவில்லை. நானே குனிந்து வாரை அவிழ்த்தேன். காலையில் கட்டிய துணி முழுக்க இரத்தமும் சீழும். வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த அவனுடைய யூனிட் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கையுறை போட்டார். வெகு நேரம் பார்த்தார். புண் ஆறும்வரை பொய்க்காலை மாட்டக் கூடாது, கொடுப்பனவைத் தொடரச் சிபாரிசு செய்கிறேன், முடிவு கொழும்பிலிருந்து வரும் என்றார்.

உக்குவளையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "எல்லாரும் பாத்துட்டாங்க," என்றான்.

"பாக்கத்தானே கூப்பிட்டாங்க."

முடிவு இன்னும் வரவில்லை. களஞ்சிய முதலாளி, காவலுக்கு ஆள் இல்லை, தம்பியை வரச் சொல்லுங்கள் என்று நேற்றும் சொல்லி அனுப்பினார். தம்பி, பொய்க்கால் எங்கே என்று மட்டும் கேட்டான். அதை என் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.