வச்சிக்கோ என்றார் அமீர் ஜான்

யாருடைய கிடாரைக் கையில் வாங்கினாலும் அமீர் ஜான் உடனே வாசிக்க மாட்டார். குப்புறத் திருப்பி, அதன் முதுகில் விரல் முட்டியால் தட்டி, காதை ஒட்டி வைத்துக் கேட்பார். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதைப் போல இருக்கும். “இன்னா பாய் கேக்குது?” என்று யாராவது கேட்டால், “உள்ள ஆள் இருக்குதான்னு பாக்கறேன்” என்பார். தனகோட்டி பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இதைப் பார்த்து வந்தான். பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வந்த பிறகும் பார்த்தான். அது விளையாட்டா, விஷயம் தெரிந்தவர் செய்கிற காரியமா என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அமீர் ஜானைப் பற்றி அவனுக்கு விளங்காமல் போனவற்றில் இதுதான் ரொம்பச் சின்னது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் அவருக்கு மைக்செட் கடை. குழாய் ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர், சீரியல் பல்பு எல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குப் போகும். செவ்வாய்க்கிழமை யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை. அன்றைக்குக் கடை சும்மா கிடக்கும். அதனால் செவ்வாய் சாயங்காலம் ஊரில் கிடார் வைத்திருப்பவர்கள் அங்கே கூடுவார்கள். கூடுவது என்றால் பெரிய கூட்டமில்லை. அமீர் ஜான், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ராமகிருஷ்ணன், வல்லத்தில் மணிலாக்கொட்டை வியாபாரம் செய்த பச்சைமுத்து. கையில் ஒன்றும் இல்லாமல் தொண்டூரிலிருந்து சைக்கிளில் வந்து உட்காருகிறவன் தனகோட்டி.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. அவரவர் கிடாரை அவரவர் வாசிக்கக் கூடாது. பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அது தன்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முன்னமே சொன்ன கதையாக இருந்தாலும் மறுபடி சொல்ல வேண்டும்.

ராமகிருஷ்ணனுடையது சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களோடு கிடந்தது. அதன் அடிக்கம்பி அறுந்தபோது அமீர் ஜான் சைக்கிள் பிரேக் ஒயரிலிருந்து ஒரு இழை உரித்துக் கட்டினார். அந்தக் கம்பி மட்டும் இன்றைக்கும் பிரேக் பிடித்த சைக்கிளைப் போலவே கத்தும். பச்சைமுத்துவுடையது சீர்வரிசையில் வந்தது. மாப்பிள்ளைக்கு வாட்ச் வேண்டுமா என்று பெண்வீட்டார் கேட்டதற்கு, கிடார் வேண்டும் என்று சொல்லிவிட்டான். மாமியார் அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைத்தார் தட்டுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில் தூக்கிவரச் செய்தார். குங்குமக் கறை போகவே இல்லை.

“என் பொண்டாட்டிய விட இதுக்குத்தான்டா அன்னிக்கி அலங்காரம் ஜாஸ்தி” என்பான் பச்சைமுத்து.

அமீர் ஜானின் முறை வரும்போதுதான் குழப்பம். ஒரு வாரம் அவருடைய கிடார், பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பிரியாணி ருசிக்கு மயங்கிக் கொடுத்தது. இன்னொரு வாரம் அது மாதா கோயில் ஏலத்தில் எடுத்தது. அடுத்த மாதம் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் மழை, வெயில், ஆட்களின் மூக்கு முழி வரைக்கும் இருக்கும். ராமகிருஷ்ணன் சிரிப்பார். தனகோட்டிக்குச் சிரிப்பு வராது. புத்தகம் படித்துப் பரீட்சை எழுதி வந்தவன் அவன். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும் என்று பழகிவிட்டான்.

வீட்டில் அவனுக்கு வேறு கேள்வி. “பி.ஏ. படிச்சிட்டு இன்னாத்துக்குடா ஊரான் பொட்டிய மடியில வச்சிக்கினு சொரண்டிக்கினு கீற?” என்று நைனா கோவிந்தசாமி கேட்பார். நாள் முழுக்கக் கரும்பு வெட்டிய கையோடு நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? அந்தக் கேள்வி நியாயமா, தன் ஆசை நியாயமா என்று தனகோட்டிக்கே தெரியவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தியவர் ஒருநாள் அவன் வாசித்ததைக் கேட்டார். “கை சுத்தமா இருக்குதுப்பா. ஆனா குழுவுக்கு வர்றவன் சொந்தக் கிடாரோட வரணும். இருக்குதா?” என்றார். தனகோட்டி இல்லை என்றான். அந்த இல்லையைச் செவ்வாய்க்கிழமை கடையில் சொன்னான்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அமீர் ஜான் தன்னுடைய கிடாரை உறையில் போட்டு அவனிடம் நீட்டினார்.

“வச்சிக்கோ, டிகிரி.”

அவனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். தனகோட்டி அதை இரண்டு கையாலும் வாங்கினான். “எத்தினி நாளைக்கி பாய்?”

“இன்னா கேள்வி இது? வச்சிக்கோன்னா வச்சிக்கோ.”

கதை சொல்லாமல் அவர் கிடாரைக் கைமாற்றியது அன்றைக்கு மட்டும்தான். அடுத்த செவ்வாய்க்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் வந்துவிட்டான். அந்தச் செவ்வாய் வருமுன், திண்டிவனம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் அமீர் ஜான் போய்விட்டார்.

பூட்டிய கடை முன்னால் நின்று மற்ற இருவரும் வழக்காடினார்கள்.

“குடுத்துட்டாருய்யா. இனிமே அது இவனுது” என்றார் ராமகிருஷ்ணன்.

“எப்பிடிண்ணே? ஊருக்குப் போயிட்டு வர்றேன், வூட்டுச் சாவிய வச்சிக்கோன்னு சொன்னா வூட்டையே எழுதிக் குடுத்ததா அர்த்தமா?”

“மீதிச் சில்லறைய வச்சிக்கோன்னு சொன்னா திருப்பியா குடுப்ப?”

“நம்மூர்ல வச்சிக்கிறதுன்னாலே வேற அர்த்தமாச்சே. அதயும் சேத்துக்கோண்ணே” என்றான் பச்சைமுத்து.

துக்கத்திலும் சிரித்துவிட்டு மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிடார் கிடைத்ததா என்று திண்டிவனத்துக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் தனகோட்டி கிடாரை எடுத்துக்கொண்டு அமீர் ஜான் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி ரோஷன் பீ, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவன்.

“பாயம்மா, பாய் இத எங்கிட்ட வச்சிக்கோன்னு சொன்னாரு. குடுத்தாரா, பாத்துக்கச் சொன்னாரான்னு தெரியல. உங்களுது. நீங்கதான் சொல்லணும்.”

“எங்களுது இல்ல தம்பி.” குரல் சாதாரணமாக இருந்தது. “அவருதும் இல்ல.”

“அப்ப யாருது?” என்றான் தனகோட்டி.

“மண்டகப்பட்டுல தைலம்மாள்னு ஒரு பொண்ணு. மிஷன் ஹாஸ்டல்ல படிச்சது. கன்னியாஸ்திரி யாரோ குடுத்துட்டுப் போன கிடாரு. இவரு மைக்செட் கட்டுற எடத்துல வந்து வாசிக்கும். கல்யாணம் நிச்சயமாச்சு. மாமியாரு வூட்டுக்கு இத எப்பிடித் தூக்கிக்கினு போவா? ‘நீங்க வச்சிருங்கண்ணே, நான் வந்து வாங்கிக்கறேன்’னு குடுத்துட்டுப் போனா. வரல.”

“அப்ப சிப்பாய், சிங்கப்பூர்...”

“ஆம்பள கையில பொம்பள சாமான் இருந்தா ஊரு இன்னா பேசும்? எங்கிட்டயே ரொம்ப வருசம் கழிச்சித்தான் சொன்னாரு.”

“அப்புறம் எதுக்கு பாயம்மா எங்கிட்ட குடுத்தாரு?”

“தெரியல. நீ படிச்ச புள்ள, தேடிக் குடுத்துடுவேன்னு குடுத்தாரோ. இனிமே எங்க வரப்போறான்னு குடுத்தாரோ. கட்டுன எனக்கே அவரு பேச்சு பாதி புரியாது.”

“நான் இப்ப வச்சிக்கிறதா, வச்சிருக்கிறதா?”

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, அழுதாரா? முகம் தெரியாமல் அவனால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. “மொதல்ல மழ வருது, நனையாம எடுத்துக்கினு போ” என்றார் ரோஷன் பீ.

அவன் மண்டகப்பட்டுக்குப் போனான். டீக்கடையில் கேட்டதும், “எந்தத் தைலம்மாள்? மேலத்தெருவா, கொல்லமேடா?” என்றார்கள். ஹாஸ்டலில் படித்தவர் என்றான். “டீச்சரம்மாவா? நெய்வேலிக்குப் போனாங்க” என்றார் டீ ஆற்றியவர். “நெய்வேலி அவங்க தங்கச்சிய்யா. இவங்க ஓசூரு” என்றார் பெஞ்சில் இருந்தவர். வீட்டுக்காரர் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் சண்டை முடிவதற்குள் பஸ் வந்துவிட்டது. நெய்வேலிக்கும் ஓசூருக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவன் செஞ்சிக்கே டிக்கெட் வாங்கினான்.

திண்டிவனத்துக்காரர் மறுபடி கேட்டபோது, “சொந்தந்தானே?” என்றார்.

“வச்சிருக்கேன் சார்” என்றான் தனகோட்டி.

பொய் சொன்னோமா இல்லையா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தான். அவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். கச்சேரிகளில் வாசிக்கும்போது, பெண்கள் பக்கத்தில் நடுவயதில் யாராவது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குத் தாளம் தவறிவிடும். இறங்கிப் போய், தைலம்மாளா என்று கேட்பான். அநேகமாக அவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தைலம்மாளுக்கு அமீர் ஜான் திருப்பித் தர வேண்டிய கிடார், கச்சேரி இல்லாத நாட்களில் தொண்டூரில், கோவிந்தசாமி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. எலி கடிக்காமல் இருக்க அதன் மேல் அம்மாவின் பழைய புடவையைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.