ராயப்பனுக்கு ஒரு சுமைதாங்கி

கண்டமங்கலத்துச் சவுரியம்மாளுக்குத் தம்பி ராயப்பன்மேல் கொள்ளைப் பிரியம். தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். களையெடுக்கும் பெண்களைக் கேலிப்பாட்டுக் கட்டிச் சிரிக்கவைப்பான். 1937இல் மலேயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினான். "ரெண்டே வருஷம், வந்து உனக்கு ஓட்டு வூடு கட்றேன் பாரு" என்றுதான் கிளம்பினான். பிறகு சண்டை வந்தது. அவனைப் பற்றிப் பேச்சுமூச்சே இல்லை.

சண்டை முடிந்த மறுவருஷம், அதே தோட்டத்தில் வேலை பார்த்த சின்னதுரை எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினான். நேரே அவளிடம் வந்தான். ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய் சயாம் காட்டில் ரயில்பாதை போடவைத்ததையும், மழையில் வாந்திபேதி கண்டு கூட்டம் கூட்டமாக மடிந்ததையும், ராயப்பனும் அதில் போனதையும் சொன்னான்.

"எந்தம்பிக்குன்னு ஒரு குழி வெட்டினாங்களாடா?"

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரையும் ஒரே பள்ளத்துல போட்டுட்டாங்கக்கா. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். அக்கா கேப்பைக் கூழு கெட்டியாக் காச்சும்னு சொல்லிக்கினே கெடந்தான்."

கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் தங்கள் வீட்டுச் சமாதிகளில் மெழுகுவத்தி ஏற்ற, அவளுக்குப் போய் நிற்க ஓர் இடமில்லை. அது தாங்காமல்தான் புதுச்சேரிச் சாலையோரம் தம்பி பேரில், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி நடத் தீர்மானித்தாள். கல்தச்சர் பச்சைமுத்துவிடம் கோடை முழுக்கக் கல் சுமந்தாள். கூலிக்குப் பதிலாக அவர் இரண்டு தூண்களை நட்டு, மேலே பலகைக்கல் ஏற்றி, அதில் ராயப்பன் பேரை வெட்டிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து அவள் போனபோது, கல்லுக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் கொளுத்தி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு நீ? இது எந்தம்பி கல்லு!"

"கோச்சிக்காதம்மா" என்றாள் அவள். வளவனூர்க் கெங்கம்மாள். "இந்தக் கல்லு யாருக்குன்னு சொன்னாங்க. எம்மவன் மாசிலாமணியும் அந்த சயாமு ரயிலு ரோட்டுலதான் பூட்டான். வேற எங்க போயி அழுவறதுன்னு தெரியல."

சவுரியம்மாளின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே பச்சைமுத்து வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, கீழ மாசிலாமணின்னு இன்னொரு பேரு வெட்டணும். எந்தம்பி தனியா இருந்தா பேஜாராயிடுவான்."

விஷயம் பரவ, இன்னும் சில வீட்டார் தேடி வந்தார்கள். பேர்கள் கூடின. மல்லாட்டைக் கடலை மூட்டையை இறக்கி வைப்பவர்களில் எழுத்துத் தெரிந்த யாராவது அவற்றை வாய்விட்டுப் படித்தால், சாலையோர வயலில் இருக்கும் சவுரியம்மாள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று கேட்பாள்.