பத்தேகால் மணி மாத்திரை

வலது முழங்காலை மாற்றிய பிறகு ஆறு வாரம் நாங்கள் மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். அங்கே வாசலுக்கே நான்கு படி, கக்கூஸும் குந்தி உட்காருகிற ரகம். மண்டபத்தில் கொழுந்தனார் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிப் பூட்டி வைத்திருந்த வீட்டில் படியே கிடையாது. அதனால் மாட்டைப் பங்காளி வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்து கட்டிலில் விழுந்தேன்.

அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆறு வாரத்துக்குள்ள முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கணும்மா. மடங்கலன்னா திரும்பவும் மயக்கம் குடுத்து நாங்கதான் மடக்கணும்."

எனக்குச் சாவு பயம் கிடையாது, மயக்க ஊசி பயம் நிறைய உண்டு. முதல் தடவையே அந்த ஊசியில் நான் எங்கேயோ போய்விட்டுத் திரும்பிவர அரை நாள் ஆனது. இன்னொரு முறை போனால் வழி தெரியாது என்று நினைத்தேன். தொண்ணூறு மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம், பஸ் ஏறலாம், கண்மாய்க் கரை ஏறி அந்தப் பக்கம் வயலில் இறங்கலாம். அந்த வயலுக்காகத்தான் நான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டேன். புரட்டாசியில் விதைக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கீற்று கடல் தெரியும். மதியத்தில் மருந்து ஏறிக் கண் செருகும்போது அந்தக் கீற்று மெல்ல எங்கள் கண்மாயாகிவிடும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்து சத்தமில்லாமல் நிற்கும். கொக்குகள் பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். கால் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரத்தில் கடல் பாலத்தின் மேல் ரயில் தடதடத்துப் போகும். யாரோ மடைப் பலகையைத் தூக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "ஏலே, எவன்டா அங்கன மடையத் தொறக்கிறது?" என்று அதட்டுவேன்.

வீட்டுக்காரர் வந்து போர்வையை இழுத்துவிடுவார். "மடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்கு புள்ள."

அவர் காலையில் விடிந்ததும் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போய் ஒரு பை உடைத்த ஐஸ் வாங்கி வருவார். அதைத் துண்டில் சுற்றி முட்டியில் வைப்போம். மீனுக்குப் போடுகிற ஐஸ், மீன் வாடைதான் அடிக்கும். முட்டி குளிர்ந்து மரத்துப் போகும்போது, நானும் ஏலத்துக்குக் காத்திருக்கிற ஒரு மீன் என்று தோன்றும். சிரிப்பு வரும். சிரித்தால் தையல் இழுக்கும்.

பதினோரு மணிக்கு முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் வருவாள். பிறந்தது கீழக்கரை, குடியிருப்பது உச்சிப்புளி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் சவுதியில். இவ்வளவையும் முதல் நாளே ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டாள். அவள் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. வீட்டுக்காரர் பத்தேகாலுக்கு மாத்திரையும் தண்ணீரும் என் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "மீனு வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். என் அலறலைக் கேட்க முடியாமல் ஓடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆம்பிளைகளுக்கு அவ்வளவுதான் தைரியம் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கொண்டுவருகிற மீன் தினமும் தொளதொளவென்று இருக்கும். வாங்கத் தெரியாத மனுஷன். "கடக்கரையில குடியிருந்துக்கிட்டு நொந்த மீன வாங்கிட்டு வாரீகளே, யாரு ஏமாத்துறா உங்கள?" என்பேன். "நாளைக்குப் பாத்து வாங்குறேன்" என்பார். மறுநாளும் அதே மீன்தான்.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை நான் போடவில்லை. அவர் பையைத் தேடுகிற நேரத்தில் முந்தியில் முடிந்துகொண்டு, பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுவிடுவேன். பயிற்சி முடிந்து உயிர் போகிற நேரத்தில் மட்டும் ஒன்று. மற்றதெல்லாம் சேமிப்பு.

எங்கள் பக்கம் கண்மாய்த் தண்ணீரை எடுத்த எடுப்பில் திறந்துவிட மாட்டார்கள். ஊர் கூடிப் பேசித்தான் மடை திறக்கும். முடிந்தவரை மழையிலேயே பயிர் நிற்கட்டும், கதிர் வாங்குகிற நேரத்துக்குத் தண்ணீர் கிடக்கட்டும் என்று பொறுத்திருப்போம். நாற்பது வருஷம் அப்படியே இருந்து பழகியவள் நான். மாத்திரையையும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைய வலி தாங்குகிற வலி. இதைவிடப் பெரியது ஒன்று பின்னால் வரும், அப்போது கை விரித்து நிற்கக் கூடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேட்டால், "வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பேன். அவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள்.

ஆனால் முட்டி மெச்சவில்லை. அந்தப் பெண் என் குதிகாலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளும்போது தொடை முழுவதும் கல்லாக இறுகிவிடும். தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவேன். பள்ளிக்கூடப் பாகைமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியை முட்டியில் வைத்துப் பார்ப்பாள். அறுபது. மறுநாளும் அறுபது. இரண்டாவது வாரம் முடிந்தும் அறுபதைத் தாண்டவில்லை.

ஒரு நாள் அவள் கருவியைப் பையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். "மாத்திர பத்தல போலம்மா. டாக்டர்ட்டச் சொல்லிப் பவரக் கூட்டச் சொல்றேன்."

கொடுத்ததையே போடாதவளுக்குப் பவரைக் கூட்டினால் என்ன ஆகும்? "போனை வையி தாயி" என்று சொல்லி, தலைமாட்டிலிருந்த கூட்டைத் திறந்து அவள் மடியில் கவிழ்த்தேன். வெள்ளை மாத்திரைகள் கொட்டின.

அவள் என்னைப் பார்த்தாள், மாத்திரைகளைப் பார்த்தாள். "யா அல்லாஹ். எதுக்கும்மா இது?"

கண்மாய்க் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் மறக்க நினைத்திருந்த ஒரு வருஷமும் வாயில் வந்துவிட்டது. அந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில், இன்னும் பத்து நாள் பொறுப்போம் என்று எல்லோரையும் விட உரக்கச் சொன்னவள் நான்தான். அந்தப் பத்து நாளில் கதிர் பால் கட்டாமல் வெறும் பதராக, சாவியாகிப் போனது. கண்மாயில் தண்ணீர் அப்படியே கிடந்தது. கரையில் நின்று நெல்லையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்து அழுதேன்.

அவளுக்குக் கண்மாயும் தெரியாது, கதிரும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நேத்துப் போடாததச் சேத்து இன்னிக்குப் போட்டா காலு மடங்காதும்மா. அந்தந்த நேரத்துக்குப் போடணும். வலி அடங்கி இருக்கையிலதான் சத மடங்க விடும். கொஞ்ச நாளுதான், பொறவு நானே கொறைக்கச் சொல்லுவேன்." மாத்திரைகளை ஒரு தாளில் பொட்டலம் கட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள். நடந்ததை டாக்டரிடம் போனில் சொன்னாள். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு அவர் கொடுத்ததை அவர் கண் முன்னாலேயே விழுங்கினேன். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது. வலி போய்விடவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, சத்தம் கேட்கும், ஆனால் நம்மைக் கூப்பிடாது. எழுபது ஆனது. எழுபத்தெட்டில் நான்கு நாள் நின்றது. எண்பத்து நான்கு வந்தது. அலறல் குறைந்து முனகலானது. மதியக் கனவில் கண்மாய் இன்னும் வந்தது, ஆனால் மடை திறந்திருந்தது. நான் யாரையும் அதட்டவில்லை.

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருந்தது. வழக்கம் போல் வீட்டுக்காரர் மாத்திரை கொடுத்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பினார். அவள் வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். அவள் தள்ளினாள். நான் ஜன்னல் கீற்றைப் பார்த்துக்கொண்டு மூச்சை விட்டேன். குதிகால் தானாகக் கட்டிலுக்கு அடியில் போவது தெரிந்தது. அவள் கருவியை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்று கிசுகிசுத்தாள். அன்றைக்கு நான் முனகக்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவு படீரென்று திறந்தது. வீட்டுக்காரர் செருப்போடு உள்ளே ஓடிவந்தார், கையில் மீன் பை. முகத்தில் ரத்தமே இல்லை. "என்னாச்சு? என்ன, சத்தத்தையே காணோம்?"

நான் திகைத்துப்போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அய்யா தெனமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியிலதான்மா நிக்கிறாக. நீங்க கத்தி முடிச்ச பொறவுதான் உள்ள வருவாக. உங்கள்ட்டச் சொல்லக் கூடாதுன்னாக."

விடிகாலையில் ஐஸ் வாங்கும்போதே மீனையும் வாங்கி, வெளியே ஒரு வாளியில் மூடி வைத்துவிடுவாராம். பன்னிரண்டு மணிக்கு அதைத்தான் எடுத்து வந்திருக்கிறார். கண்ணாடிக் கூட்டில் நான் மாத்திரை சேர்த்த அத்தனை நாளும், அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கத்தலையும் அவர் கேட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் என் காலையே பார்த்தார். பாதம் தரையில் பதிந்து, முட்டி நாற்காலிக் கால் மாதிரி மடங்கி இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து என் குதிகாலைத் தொட்டார்.

"வலிக்கலையா புள்ள?"

"வலிக்குது" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் அதைச் சொன்னேன். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைக் கழுவப் போனார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்த மீன் செவுள் சிவக்க, புத்தம் புதுசாக இருந்தது.