நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வீட்டுப்பேர்

கிருஷ்ணமணி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் சர்டிபிகேட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அது முறையா என்று தெரியவில்லை. வேறு இடத்திலிருந்து தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை.

இந்த வருடம் நான் பி.ஏ. தேறினேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் அப்பா நாராயணபெருமாள் பனையேறி. ஆனால் என் சர்டிபிகேட்டுகள் எல்லாவற்றிலும் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் வைகுண்டராஜன் என்றிருக்கிறது. வீட்டுப்பேர், ஆலடிவிளை வீடு. வைகுண்டராஜன் எங்கள் ஊரில் கருப்பட்டி வியாபாரம் செய்பவர். கிருஷ்ணமணி அக்கா அவருடைய ஒரே மகள். எனக்கும் அந்த வீட்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது.

இப்படி எழுதிவைத்தது அக்காதான். ஏன் எழுதினாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் எனக்கு அது விளங்கவில்லை.

எங்கள் ஊர் பனங்காட்டுவிளை, இரணியலுக்குத் தெற்கே வண்டிப்பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஆலடிவிளை வீட்டில் நண்பகலில் கஞ்சி ஊற்றுவார்கள். வைகுண்டராஜனின் அப்பா ஒரு பஞ்ச காலத்தில் தொடங்கியது. அய்யாவழிக் குடும்பம், நேர்ந்துகொண்டால் விடமாட்டார்கள். அந்தத் தர்மத்துக்கு இரண்டே விதி. குடிக்க வருகிறவனிடம் பேர், ஊர், ஜாதி கேட்கக் கூடாது. வெளியாட்கள் எல்லாரும் குடித்து எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் குடிக்க வேண்டும்.

ஆடு மேய்க்கும் பிள்ளைகள், பனையடியில் சுள்ளி பொறுக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்த வரிசையில் வந்து உட்காருவோம். கஞ்சி ஆறும் வரைக்கும் சும்மா இருக்கமாட்டோம், அடித்துக்கொள்வோம். அதற்காகத்தான் அக்கா அகப்பைக் காம்பால் மணலில் எழுத்துப் போட ஆரம்பித்தாள். "இத நோக்கி எழுது. எழுதினவனுக்குத்தான் துவையல்" என்பாள். அவளுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது இருக்கும். அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. அய்யாவழிக்காரர்கள் கூடும் தாங்கலில், வாசிக்கிறவருக்கு எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டியவள். எதிர்ப்பக்கத்திலிருந்து படித்ததால் அவளுக்குத் தலைகீழாகத்தான் முதலில் வாசிக்க வந்ததாம். இப்போதும் எந்தப் பக்கமாகத் தாளை வைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

மணல் எழுத்து பெருகி, வைகுண்டராஜன் ஓலைக்கொட்டகை ஒன்று போட்டுக் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் கருப்பட்டி வண்டியோடு குழித்துறைச் சந்தைக்குப் போகிறவர், திரும்பும்போது சிலேட்டும் பாடப் புத்தகமும் கொண்டுவருவார். அக்கா கொட்டகையில் பாடம் சொல்லுவாள், அவர் அடுப்படியில் கஞ்சி கிண்டுவார். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "மகளுக்குப் பிரம்பு, அப்பனுக்கு அகப்பை. நல்ல பங்குதான் வேய்" என்று அவரிடமே சொல்லுவார்கள். "அகப்பைக்குத்தானே பிள்ளைய வருது, பிரம்புக்கா வருது?" என்பார் அவர்.

நாங்கள் மூன்று பேர் அங்கே படிக்க வேண்டியதைப் படித்து முடித்தபோதுதான் சிக்கல் வந்தது. அரசாங்க அங்கீகாரம் இல்லாத கொட்டகையில் படித்த பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். அங்கீகாரம் கேட்டு வைகுண்டராஜன் மனுப் போட்டார். கொல்லம் 1122 மாசியில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். இங்கிலீஷ் கணக்கில் 1947. பாடம் கேட்டார், சந்தோஷப்பட்டார். கடைசியில் ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டார். ரிஜிஸ்டர் கிடையாது. வருகிற பிள்ளைகளின் பேரை எழுதி வைக்கும் வழக்கமே அங்கு இல்லை. ஒரு வாரம் தவணை கொடுத்தார். பேர், வீட்டுப்பேர், பிறந்த தேதி, ரட்சகர்த்தா, அதாவது பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார் என்பது, இவ்வளவும் எழுதி வைக்கச் சொன்னார். போகிற போக்கில், "பள்ளி சர்க்கார்ப் பள்ளியானா டிரெயினிங் முடிச்ச வாத்தியாரைப் போடுவாவ. உனக்கு என்ன பாஸு?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, "எனக்கா? ஒண்ணும் இல்ல சார்" என்றாள். நான் பக்கத்தில் சிலேட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சையும் கேட்டேன். நாங்கள் மூன்று பேரும் கொட்டகையை விட்டுப் போகாமல் தூண் பக்கத்தில் நின்றோம். எங்கள் காரியம் அல்லவா.

"அப்பா, பிள்ளையளுக்கப் பேர எழுதணும்."

"எழுதப்பிடாது. கஞ்சி குடிக்க வாறவனுக்க பேரு நமக்கு எதுக்கு?"

"கஞ்சிக்கு இல்ல, படிப்புக்கு."

"ரெண்டும் ஒரே முத்தத்திலதானே நடக்கு. எனக்க அப்பா கேக்காத பேர நீ கேக்கப் போறியா?"

"அப்போ இந்த மூணு பேரும் திரும்ப ஆட்டுக்க பொறத்தாலே போட்டும், என்ன?"

அவர் அகப்பையைக் கழுவினார், கழுவினதையே மறுபடி கழுவினார். பிறகு அக்கா கேட்டாள்.

"வீட்டுப் பிள்ளையளுக்கப் பேர எழுதலாமா?"

"அதுல என்ன? வீட்டுப் பிள்ளைக்குப் போடுகது தர்மமில்லியே, சாப்பாடுல்லா."

"சரி" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அவள் எழுதினாள். நாற்பத்து மூன்று பிள்ளைகள். எல்லாருக்கும் வீட்டுப்பேர் ஆலடிவிளை வீடு, ரட்சகர்த்தா வைகுண்டராஜன். பேரைக்கூட அவள் யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத் தெரிந்ததை எழுதினாள். பிறந்த தேதிகளை அவளாகவே போட்டாள். என் பிறந்த நாள் என்று நான் இன்றைக்கு எழுதும் ஆடி பதினாறு அவள் தந்ததுதான். வைகுண்டராஜன் அதைக் கேட்டுவிட்டு, "எழுதினா எழுதினதுதான். இன்னமே இதுவ நம்ம வீட்டுப் பிள்ளைய" என்று சொல்லி, அன்றைக்கே எங்களை வரிசையிலிருந்து எழுப்பினார். வழிப்போக்கர்களுக்கு நாங்கள் கஞ்சி விளம்ப வேண்டும். அவர்கள் எழுந்து போனபின் எங்களுக்கு. பாத்திரமும் நாங்கள்தான் கழுவ வேண்டும். "பேரு எழுதினதுக்கு இதாடே கூலி" என்று என்னோடு படித்த தேவகனி அழுதேவிட்டான்.

இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஓய், உமக்கு எத்தன பெண்டாட்டி?" என்றார்.

"ஒருத்திதான் சார். அவளும் போயாச்சு."

"நாப்பத்து மூணு பிள்ளையா? ரீத்தான்னு கிறிஸ்தவப் பேரு உள்ள இந்தப் பிள்ளையும் உம்ம பிள்ளதானா?"

"இங்கதான் கஞ்சி குடிக்கி. பொறவு ஆருக்க பிள்ளையாம்?"

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் சிரித்தார். ரட்சகர்த்தா என்றால் தகப்பன்தான் என்று சட்டத்தில் இல்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அங்கீகாரம் வந்தது. வயது கூடிப்போயிற்று என்று பெரிய பள்ளியில் என்னை ஒரு வகுப்பைத் தாண்டி உட்கார வைத்தார்கள். அங்கே யாரோ ரட்சகர்த்தா என்றிருந்ததைத் தகப்பனார் என்று பெயர்த்து எழுதிக்கொண்டார்கள். நானும் சின்னவன், திருத்தவில்லை. பிறகு பெரியவன் ஆனேன், அப்போதும் திருத்தவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வியாபாரியின் மகன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்ததோ? இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடமே டிரெயினிங் முடித்த வாத்தியார் ஒருவர் வந்தார். அக்கா பிரம்பை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அப்பாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டாள். அந்த ரிஜிஸ்டரில் வீட்டுப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். வீட்டின் சொந்தப் பிள்ளையான அவளுடைய பேர் அதிலும் இல்லை, வேறு எந்தப் பள்ளி ரிஜிஸ்டரிலும் இல்லை.

என் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது இந்த வருடம்தான். பி.ஏ. தேறிய காகிதத்தை டீக்கடையில் யாரோ உரக்க வாசித்துவிட்டார்கள். "ஏலே பெருமாளே, பனையேறுனது நீ, நொங்கு தின்னது அவனா?" என்று அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த கோலப்பன் கேட்டிருக்கிறார். அப்பா இத்தனை வருடமாக ஆலடிவிளை வீட்டுக்குப் போட்ட கருப்பட்டியை, அன்று முதல் மூன்று மைல் சுமந்துபோய் வேறு இடத்தில் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன. அதற்கு முன்னால் திருத்திக்கொள், பிறகு காகிதமெல்லாம் எங்கே போகுமோ என்று ஆபீஸில் சொன்னார்கள். ரிஜிஸ்டர் எழுதியவரே எழுதித் தர வேண்டுமாம், சொந்தத் தகப்பன் கைநாட்டு வைக்க வேண்டுமாம். வாசகத்தையும் அவர்களே சொன்னார்கள். நான் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, போன சனிக்கிழமை ஆலடிவிளை வீட்டுக்குப் போனேன்.

அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "வந்தியா? பி.ஏ.க்காரனுக்கு இப்பமாவது வழி தெரிஞ்சுதே" என்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளை என் முன்னால் விரித்து வைத்தேன். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்தே வாசித்துவிட்டாள்.

"மேற்படி குமாரதாஸ் எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல. பனங்காட்டுவிளை நாராயணபெருமாளின் மகன்."

"ரெண்டாவது மட்டும் போதாதா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வேணுமாம், அக்கா."

"சரி, கொண்டா." கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் நிற்காமல் நகல் எழுதினாள். மணலில் பார்த்த அதே எழுத்து. வேறு எதையாவது பேச வேண்டும் என்று, ஒன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, ரிஜிஸ்டர் எழுதினா உங்களுக்குப் பாடம் சொல்லுக வேல போவும்னு அப்பம் தெரியுமா?"

"தெரியாம? அந்த சாரு என்கிட்டதானே சொன்னாரு."

"பொறவு ஏன் எழுதினிய?"

"நீ கணக்குல பெரிய ஆளா வருவேன்னு நெனச்சேன். நீ போயி சரித்திரத்த எடுத்துட்டு நிக்கே" என்றாள். சிரித்தாள். அது கேலியா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை.

உள்ளேயிருந்து வைகுண்டராஜன் வந்தார். தலைப்பாகையும் நெற்றியில் நாமமும், அதே ஆள்தான், கொஞ்சம் கூனியிருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அக்கா இரண்டு வரியையும் உரக்க வாசித்தாள். அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. முற்றத்தில் இரண்டு வழிப்போக்கர்கள் கஞ்சிக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல விளம்பப் பாத்திரத்தை எடுக்க அடுப்படிக்குள் காலை வைத்தேன்.

"அங்க எதுக்கு?" என்றார் அவர். "நீங்க இங்க இரியுங்கோ. முதல்ல வெளியாளுக்குத்தான்."

சிறுவயது முதல் என்னை ஏலே என்று கூப்பிட்டவர். வழிப்போக்கர்களின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சி கோரிக் குடிக்கப் பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கையில் தந்தார். அக்கா கஞ்சி விட்டாள். பயறும் துவையலும் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்டாள். சின்ன வயதில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை, போதும் என்றாலும் ஊற்றுவாள். குடித்து முடித்துப் பாத்திரம் கழுவப் போனபோது கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு மரியாதை நடந்ததா, தண்டனை நடந்ததா? வைகுண்டராஜனைக் கேட்டால் விதி என்றுதான் சொல்லுவார். நான் எழுதிக்கொண்டுபோன வாசகத்தை அவர்கள் நம்பியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் அப்பா பனையிலிருந்து இறங்கியதும் தாளைக் காட்டி, அதில் இருந்ததைச் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரு எழுதினா?"

"கிருஷ்ணமணி அக்கா."

"எங்க வீட்டுப் பிள்ள இல்லன்னு அந்தப் பிள்ளையே எழுதிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ எழுதச் சொன்னாயா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். கைநாட்டு வைத்தார். பிறகு, "நாளைக்குக் கருப்பட்டிய அங்கதான் போடணும்" என்றார். மகிழ்ந்தாரா என்று கேட்டால், தெரியாது. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

தாளைத் திங்கட்கிழமை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்பாவும் கருப்பட்டி ஓலைப்பெட்டியான கடவத்தைச் சுமந்துகொண்டு ஆலடிவிளை வீட்டுக்குப் போனபோது நண்பகல் ஆகிவிட்டது. கடவத்தை இறக்கி வைத்துவிட்டு அப்பா யாரிடமும் கேட்காமல் வழிப்போக்கர்களின் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் அந்த முற்றத்தில் கஞ்சிக்கு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வைகுண்டராஜனுக்கு அவரை நாற்பது வருடமாகத் தெரியும். ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் பிலாவிலையைக் கோட்டிக் கொடுத்தார்.

அப்பா பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அங்கே உட்காரப் போனேன். அடுப்படி வாசலில் அக்கா கஞ்சிப்பானையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, இரி என்றும் சொல்லவில்லை.

நான் போய் அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கினேன். அவள் விட்டுவிட்டாள். முதலில் வரிசையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் விட்டேன். பிறகு அப்பாவின் முன்னால் குனிந்தேன். கஞ்சி அவர் முழங்காலில் கொஞ்சம் சிந்தியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம்போல உப்பு" என்றார், எந்த வீட்டிலோ எந்தப் பிள்ளையிடமோ கேட்பதுபோல. நான் உப்பு எடுக்க அடுப்படிக்குள் போனேன்.