வெளியே சொல்வதாக நேர்ந்துகொண்டேன்

காலை பத்து நாற்பதுக்கு மலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மகள் செல்வி செடி நிரையிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். நான் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

காரணம் எனக்குத் தெரியும். நான்தான்.

பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவளுக்கு, இருமினால், சிரித்தால், கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் சிறுநீர் கசிந்தது. பக்கத்து நிரையில் நிற்கும் ராணி, "என்னாடி, புள்ளையோட சேத்து தண்ணிப் பீலியையும் பெத்துட்டியா?" என்று, லயத்தில் ஓயாமல் ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாளாம். செல்வி என்னிடம் வந்து அழுதாள். படித்த நான் சொன்னது இதுதான்: "காலையில தண்ணி குடிக்காம போ புள்ள. யாருகிட்டயும் சொல்லாத."

மலையில் கழிப்பறை இல்லை. எங்கள் பெண்கள் எல்லாரும் தண்ணீர் குடிக்காமல்தான் வேலைக்குப் போகிறார்கள். மூன்று மாதம் அவள் வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் மாரியம்மனைக் கூப்பிட்டேன். தீச்சட்டி எடுப்பதாக வேண்ட வாய் வரவில்லை. "தாயே, புள்ளைய குடுத்துரு. மறைச்சத நானே எல்லாருக்கும் சொல்லிடுறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

எழுந்துபோய்த் தாதியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இருமும்போது கசிவது, பிரசவத்தில் இடுப்படித் தசை தளர்வதால் வருமாம். திடீரென முட்டி, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விடுவது, சிறுநீர்ப்பை நேரமில்லாத நேரத்தில் சுருங்குவதால். பை சரியாகக் காலியாகாமல் நிரம்பிச் சொட்டுவது இன்னொரு வகை. சர்க்கரை வியாதி, மலச்சிக்கல், கிருமி எதுவும் இதைக் கூட்டலாம். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் கடுத்துத் தொல்லைதான் அதிகமாகும்.

"இதுல மானம் எங்கங்க போவுது? தசதான் தளந்திருக்கு. பயிற்சி இருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று அழுததுபோல் நான் என்றும் அழுததில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, மெல்லத் தளர்த்தும் பயிற்சியைச் செல்வி தினமும் செய்கிறாள். சில மாதங்களில் கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது. இப்போது கங்காணியிடம் சொல்லிவிட்டு, வேலை நடுவில் கழிப்பறைக்காக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து போகிறாள்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் நடுவில் எல்லாவற்றையும் சொல்லி என் நேர்த்தியைத் தீர்த்தேன். யாரும் தலை நிமிரவில்லை. கடைசியில் ராணிதான் கிட்டே வந்தாள்.

"டீச்சர், அந்தப் பயிற்சிய எனக்கும் சொல்லிக் குடுங்க. எனக்கு அஞ்சு வருசமா இருக்கு."

அம்மன் என் மகளைக் காப்பாற்றினாள், என் வாயையும் திறந்தாள். நீங்களும் மறைத்து வைத்திருந்தால் முதலில் அம்மனிடம் சொல்லுங்கள். அவள் தரும் தைரியத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

நேற்று மாலை செல்வி மலையிலிருந்து வந்தாள். கூடையை இறக்கும் முன்பே சொன்னாள்:

"அம்மா, கொண்டுபோன போத்தல் காலியாயிருச்சு. குடிக்கத் தண்ணி தாங்க."