பெயின்டுக்கு அடியில் பதினேழு

அடிலெய்டில் பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து "எஸுமலாய்" என்று கூப்பிடுவாள். நான் எழுந்து போவேன். என் பெயர் மலர்விழி; ஏழுமலை என் அப்பா. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது, அதில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து பேங்க், மின்சார பில், வேலைக்குப் போடும் நீலச் சட்டையின் நெஞ்சுப் பட்டி என்று எங்கே பார்த்தாலும் அப்பாதான். என்னைப் போல் வெளியே வந்தவர்கள் பாதிப் பேருக்கு இதே கதிதான், சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஊரில் அந்தப் பெயரை ஒருத்தரும் மரியாதையாகச் சொல்லாத காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு பாய்லர் கம்பெனியில் வெல்டர். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஜாயின்ட் போட்டு முடித்ததும் பக்கத்தில் இரும்புப் பஞ்ச் வைத்து அதை அடிக்க வேண்டும். நாளைக்குக் கசிந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. நைனாவுக்குப் பதினேழு. முதலாளிக்கு டிராக் ரேஸ் பைத்தியம்: சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் இரண்டு கார்கள் நேர்கோட்டில் சீறிப் பாயும், பத்துப் பதினைந்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் காருக்குக் குழாய்ச் சட்டம் செய்து கொடுத்தது நைனா. கைப்பழக்கத்தில் ஒவ்வொரு ஜாயின்டையும் தாங்கும் முட்டுத் தகட்டிலும் பதினேழு அடித்துவிட்டார். ரேஸ் காரில் எவனாவது நம்பர் அடிப்பானா? பாய்லர்காரன்தான் அடிப்பான். அதன் மேல் பெயின்ட் அடித்தார்கள்.

அடுத்த ரேஸில் சட்டம் உடைந்தது. ஓட்டிய முதலாளிக்கு வலது கால் போனது மாதிரிதான். இன்றுவரை இழுத்து இழுத்து நடக்கிறார். குடித்துவிட்டு வெல்டிங் வைத்தான் ஏழுமலை என்று சொல்லிவிட்டார். நைனா கம்பெனி வாசலில் நின்றார், நானும் அம்மாவும் பக்கத்தில். "ஒடஞ்சது என் கை இல்ல மொதலாளி. பெயின்ட்ட சொரண்டிப் பாருங்க, நான் போட்டதுல என் நம்பர் கீது" என்றார். காரை ஷெட்டில் போட்டுப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியும் அவர் கையில் வெல்டிங் ராடு கொடுக்கவில்லை. வீடு இருக்கும் மணவாள நகரிலிருந்து ரயிலேறிப் போய் இரும்புக் கழிவை லாரியில் ஏற்றினார். பள்ளியில் நான் 'காலை ஒடச்சவன் பொண்ணு'. வெல்டிங் மேல் ஆசைப்பட்டுப் படித்தாயா என்று இங்கே கேட்பார்கள். ஆசையாவது மண்ணாவது. வயிற்றெரிச்சலில் படித்தேன்.

இப்போது வேலை செய்யும் பட்டறையில் பழைய டிராக் கார்களுக்கு உயிர் கொடுக்கிறோம். இன்ஜினுக்கு ஒருவர், கியர் பாக்ஸுக்கு ஒருவர், பெயின்டுக்கு ஒருத்தி, சட்டத்துக்கு நான். எங்களுக்குத் தலைவர் நீல், அறுபது வயதுக்காரர். போன வருடம் அவருக்கு, ஒரு பழைய டிராக் காரை வந்து சரிசெய்து தரச் சொல்லி இந்தியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. படத்தைக் காட்டி, "இது உன் ஊர்ப் பக்கமா?" என்றார். "பக்கம்தான்" என்றேன். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நானும் நீலும் கும்மிடிப்பூண்டிக்கே போய் இறங்கினோம். அதே ஷெட். அதே முதலாளி, கிழவராகி. பழைய கார் கண்காட்சியில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவருக்கு அது மறந்துபோன விஷயம், எங்களுக்கு அது பறிபோன சோறு. என்னை 'மேடம்' என்றார். என் நெஞ்சில் ஏழுமலை என்று ஆங்கிலத்தில் தைத்திருக்கிறது. வேலைக்காரர்கள் சட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. நீல் "எஸுமலாய்" என்று கத்தினால் அது அவர் காதுக்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர்.

அதைப் படித்தவர் தேவசகாயம். கம்பெனியின் பழைய ஃபிட்டர், ஓய்வுக்குப் பிறகும் கூலிக்கு வருகிறவர். இரண்டாம் நாள் நாஷ்டா நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ ஏழுமலை பொண்ணுதானே? மூஞ்சி அப்டியே கீது."

"ஆமா. போய்ச் சொல்லுங்களேன்."

"நான் இன்னாத்துக்குமா சொல்றேன்" என்று டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயின்டை உரித்தோம். முதல் தகட்டில் பதினேழு. இரண்டாவதில் பதினேழு. மொத்தம் பன்னிரண்டு ஜாயின்ட். பதினொன்றில் நம்பர் இருந்தது. உடைந்த பன்னிரண்டாவதில் கிரைண்டர் தேய்த்த தடம், அதன் மேல் வேறு கையின் வெல்டிங், ஓரத்தில் ஏழின் பாதி வால். நைனா போட்டதை அறுத்துவிட்டு யாரோ மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். நீல் அதை வெட்டிப் பார்த்தார். மேலே மட்டும் பூசியிருந்தது, உள்ளே இறங்கவே இல்லை.

தேவசகாயம் வெட்டிய துண்டைப் பார்த்தார். "பெரிய இன்ஜின் உக்காரலன்னு ரேஸுக்கு மொத நாள் மொதலாளி அறுக்கச் சொன்னாரு. அவரு மச்சான்தான் வெல்டிங் வச்சாரு. லைட்டப் புடிச்சுக்கினு நின்னது நான்."

"இத்தினி வருசம் வாய்ல இன்னா வச்சுக்கினு இருந்தீங்க?"

"மூணு புள்ளைங்கமா" என்றார். அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். என் வீட்டிலும் பிள்ளை இருந்தது.

நீலிடம் ஒரு வழக்கம் உண்டு. காரை ஒப்படைக்கும் நாளில் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, எது பழசு, எதை ஏன் மாற்றினோம் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். வெட்டியெடுத்ததை மேசையில் வைப்பார். முதலாளி தன் ரேஸ் சிநேகிதர்களையும், மாலை போடச் சொல்லிப் பழைய தொழிலாளிகளையும் கூப்பிட்டிருந்தார். மொழிபெயர்க்க நான்.

"பதினேழு யார்?" என்றார் நீல், ஒன்றும் அறியாமல். "நான் பார்த்த நல்ல கைகளில் ஒன்று. இந்த ஒரு ஜாயின்ட் மட்டும் அவருடையது இல்லை. இதை வைத்தவருக்கு வெல்டிங் தெரியாது. இதுதான் உடைந்தது. வைத்தது யார்?"

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு நிதானமாக நான் பேசியதில்லை.

"அதெல்லாம் எதுக்கு மேடம் இப்போ" என்றார் முதலாளி.

"அவர் கேக்கறாரு சார். யார் வச்சதுன்னு."

நான் தேவசகாயத்தையே பார்த்தேன். மாலையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்தார். "மொதலாளியோட மச்சான் வச்சது. மொதலாளி சொல்லித்தான் வச்சாரு. ஏழுமலை அன்னிக்கு ஷெட்டுலயே இல்ல."

முதலாளி முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னை. அப்போதுதான் அவர் கண் என் சட்டைக்கு இறங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏழுமலை..."

"பொண்ணு" என்றேன். "இன்னும் சத்தமா சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்." அவர் காலை இழுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தேன்.

மணவாள நகரில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த ஜாயின்ட்ட இப்ப யார் போட்டது?"

"நான்தான் நைனா."

"நம்பர் அடிச்சியா?"

அடித்திருந்தேன். அடிலெய்டுப் பட்டறையில் என் நம்பர் நாலு. பதினொரு பதினேழும் ஒரு நாலும் இப்போது அந்த ஆளின் ஷெட்டில், பூட்டுக்கு உள்ளே நிற்கின்றன. நான் திரும்பி வந்துவிட்டேன். நேற்று பல் மருத்துவமனையில் அந்தப் பெண் "எஸுமலாய்" என்றாள். "எஸுமலாய் இல்லை, ஏழுமலை" என்று நாலு தடவை சொல்லிக்கொடுத்து, அவள் சரியாகச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.